வளர்ச்சி எந்த வயதில் நிற்கிறது? பாடப்புத்தகக் கட்டங்களை எவ்வளவு நம்பலாம்?

கீற்று எழுதியது:

வணக்கம். ஆசிரியர் பயிற்சிக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். மனித வளர்ச்சி பற்றிய பாடத்தில் ஒரு வரைபடம் இருக்கிறது. பிறப்பிலிருந்து இருபது வயது வரை கோடு ஏறுகிறது, அறுபது வரை சமமாகப் போகிறது, அதற்கப்புறம் இறங்குகிறது. அதன் கீழே சிசுப் பருவம், முன்குழந்தைப் பருவம், பின்குழந்தைப் பருவம், குமரப் பருவம், நடுவயது, முதுமை என்று கட்டம் கட்டி வயதையும் போட்டிருக்கிறார்கள். குழந்தைக்குப் பல பக்கங்கள். முதுமைக்கு அரைப் பக்கம், அதற்குத் தலைப்பே 'சரிவு'.

எனக்கு இது உறுத்துகிறது. எழுபதை நெருங்கும் என் அப்பா இப்போதுதான் வயலின் கற்க ஆரம்பித்திருக்கிறார், நன்றாகவே முன்னேறுகிறார். இன்னொரு பக்கம் அக்காவின் குழந்தைக்குப் பதினான்கு மாதம் ஆகிறது, இன்னும் தனியாக நடக்கவில்லை. புத்தகத்தில் 'ஒரு வயதில் நடக்கும்' என்று ஒரே வரி. அதைப் படித்துவிட்டு வீட்டில் எல்லோரும் கலங்கிப்போயிருக்கிறார்கள். இந்தத் துறையில் இருப்பவர்கள் யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும்.

தளிர்நடை எழுதியது:

கீற்று, முதலில் குழந்தை விஷயத்தைப் பார்த்துவிடலாம். நான் குழந்தைகளுக்கான இயன்முறை மருத்துவத்தில் இருக்கிறேன். வாரம் தவறாமல் யாராவது ஒரு பெற்றோர் இதே கேள்வியோடு வருவார்கள்.

உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006இல் முடிவுகளை வெளியிட்டது. தனியாக நடக்கத் தொடங்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை பரந்து கிடந்தது. அதாவது ஒன்பது மாத இடைவெளி! 'ஒரு வயது' என்பது இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் எங்கோ விழும் சராசரி, அவ்வளவுதான். கைகளையும் முழங்காலையும் ஊன்றித் தவழ்வதை எடுத்துக்கொண்டால் 5.2 முதல் 13.5 மாதம் வரை. நூற்றுக்கு நான்கு குழந்தைகளுக்குச் சற்று மேல் அப்படித் தவழவே இல்லை. உட்கார்ந்தபடி நகர்ந்தோ வயிற்றால் ஊர்ந்தோ சமாளித்துவிட்டு நேரே எழுந்து நடந்துவிட்டன. பதினான்கு மாதத்தில் நடக்காதது மட்டும் கவலைக்குரிய விஷயம் இல்லை.

நான் பார்ப்பது வேறு. குழந்தை பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறதா? கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்கிறதா? இரண்டு கைகளையும் இரண்டு கால்களையும் ஒரே மாதிரி பயன்படுத்துகிறதா? உடல் துவண்டோ விறைப்பாகவோ இருக்கிறதா? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா? குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் எத்தனை வாரம் முன்னதாகப் பிறந்ததோ அதைக் கழித்துவிட்டுத்தான் வயதைக் கணக்கிட வேண்டும். இரண்டு வயது வரை இப்படித்தான் பார்ப்போம். பதினெட்டு மாதம் தாண்டியும் நடக்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று: ஏற்கனவே செய்துகொண்டிருந்த ஒன்றைக் குழந்தை செய்யாமல் விட்டுவிட்டால், அது நடையோ பேச்சோ சிரிப்போ, எந்த வயதாக இருந்தாலும் உடனே காட்ட வேண்டும். தாமதத்துக்குப் பல காரணம் இருக்கலாம், பெரும்பாலானவை சாதாரணமானவை. வந்தது போவது அப்படி இல்லை.

நடை பழகும் குழந்தையை ஒரு முறையாவது பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். கேரன் அடோல்ஃப் என்ற ஆய்வாளர் 12 முதல் 19 மாதக் குழந்தைகள் விளையாடும்போது எண்ணிப் பார்த்தார். ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக 2,368 அடிகள், 17 முறை விழுதல். விழுந்த குழந்தை பெரும்பாலும் அழுவதுகூட இல்லை. கையை ஊன்றி, பின்பக்கத்தைத் தூக்கி, காலை அகட்டி வைத்து மறுபடி எழுகிறது. இந்த விழுவதும் எழுவதும்தான் பயிற்சி. இதைக் குறுக்கிடும் பொருள் ஒன்று உண்டு: குழந்தையை உள்ளே உட்காரவைத்து உருட்டும் வாக்கர். அதில் குழந்தை தன் எடையைத் தானே தாங்கிப் பழகுவதில்லை, தன் கால் வைக்கும் இடத்தையும் பார்க்க முடிவதில்லை. படியில் உருண்டு தலையில் அடிபடும் ஆபத்து வேறு. கனடா 2004இல் அதை அடியோடு தடை செய்தது. வீட்டில் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

வளவன் எழுதியது:

தளிர்நடை சொன்னதை மதிக்கிறேன். ஆனால் இதைப் படிப்பவர்கள் 'எல்லாம் தானாக வரும்' என்று உட்கார்ந்துவிடக் கூடாது என்பதே என் கவலை. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

பிறக்கும்போது பெரியவர் மூளையின் எடையில் கால்பங்கு இருக்கும் மூளை, ஆறு வயதுக்குள் தொண்ணூறு சதவீதத்தை எட்டிவிடுகிறது. ஹூபெல், வீசெல் என்ற மூளை ஆய்வாளர்கள் பூனைக்குட்டியின் ஒரு கண்ணைப் பிறந்த சில வாரங்களில் மூடி வைத்து, பிறகு திறந்தார்கள். கண் நன்றாகத்தான் இருந்தது. மூளை அந்தக் கண்ணிலிருந்து பார்க்கக் கற்றுக்கொள்ளவே இல்லை. 1981இல் நோபல் பரிசு கிடைத்த வேலை இது. பிறவிக் கண்புரையோடு பிறக்கும் குழந்தைக்கு முதல் இரண்டு மாதங்களுக்குள் அறுவை செய்யப் பார்ப்பது இதனால்தான்.

கண் மட்டும் இல்லை. ருமேனியாவில் 2000இல் தொடங்கிய புக்கரெஸ்ட் ஆய்வைப் பாருங்கள். அனாதை விடுதிகளில் இருந்த 136 குழந்தைகள். அங்கே உணவும் உடையும் கிடைத்தன, தூக்கிக் கொஞ்ச ஆள் இல்லை. அவர்களில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். ஏறக்குறைய இரண்டு வயதுக்கு முன் குடும்பத்துக்குப் போன குழந்தைகள் அறிவுத்திறனில் நன்றாகத் தேறினார்கள், பிந்திப் போனவர்கள் அந்த அளவுக்குத் தேறவில்லை. முதல் மூன்று ஆண்டுகள் போனால் போனதுதான். இதை மழுப்பிச் சொல்வது குழந்தைகளுக்குச் செய்யும் துரோகம்.

செங்காந்தள் எழுதியது:

வளவன், நீங்கள் சொன்ன தகவல்கள் எல்லாம் சரி. கடைசியில் வந்த முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. வளர்ச்சி உளவியல் கற்பிக்கிறேன், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குறிப்பிட்ட காலத்துக்குள் நடந்தே ஆக வேண்டியவை சில உண்டு. பார்வையின் கூர்மை அதில் ஒன்று. தாய்மொழியின் ஒலிகளும் அப்படித்தான். ஆறு மாதக் குழந்தைக்கு எந்த மொழியின் ஒலி வேறுபாடும் பிடிபடுகிறது. பத்து, பன்னிரண்டு மாதத்துக்குள் தன்னைச் சுற்றிப் பேசப்படாத மொழிகளின் நுண்ணிய வேறுபாடுகளை அது விட்டுவிடுகிறது. ஜேனட் வெர்க்கர் 1984இல் காட்டியது இது. காது கேளாத குழந்தையைப் பிறந்த உடனே கண்டுபிடிக்க வேண்டும் என்று மருத்துவர்கள் துடிப்பதற்கும் இதுவே காரணம். சைகை மொழியோ செவிக்கருவியோ, முதல் ஆண்டிலேயே ஏதாவது ஒரு மொழி அந்தக் குழந்தைக்குக் கிடைத்தாக வேண்டும்.

ஆனால் அந்த விதியை எல்லாத் திறனுக்கும் நீட்டக் கூடாது. பார்வையிலேயே கதை முழுக்க முடிந்துவிடவில்லை. பவன் சின்ஹா நடத்தும் பிரகாஷ் திட்டத்தில், பிறவிக் கண்புரையால் பார்வை இல்லாமல் வளர்ந்து, எட்டு வயதைத் தாண்டி அறுவை செய்துகொண்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். கூர்மை குறைவுதான், அது முழுதாகத் திரும்பவில்லை. ஆனால் மாதங்கள் செல்லச் செல்ல முகத்தை முகம் என்று அறிய, பொருள்களைப் பிரித்துப் பார்க்க அவர்கள் கற்றுக்கொண்டார்கள். 'இனிப் பயனில்லை' என்று விட்டிருந்தால் அதுவும் கிடைத்திருக்காது.

குணமும் உறவும் இன்னும் நெகிழ்வானவை. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் நடுவயது வரை தொடர்ந்தார். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் மனநோய் என்று பல சுமைகள் ஒன்றாகச் சேர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒருவர் திடமான, அன்பான பெரியவராக வளர்ந்தார். அவர்கள் வாழ்க்கையில் நிலையாக ஒட்டிக்கொண்ட ஒரு பெரியவராவது இருந்தார். பாட்டியோ ஆசிரியரோ பக்கத்து வீட்டுக்காரரோ, யாராவது ஒருவர். பதின்வயதில் தடம் புரண்டவர்களிலும் பெரும்பாலோர் முப்பதுகளில், நாற்பதுகளில் சீரானார்கள். சிலருக்கு நல்ல வேலை கிடைத்தது, சிலருக்கு நல்ல துணை, சிலர் மறுபடி படிக்கப் போனார்கள். ஐந்தில் வளையாதது முப்பத்தைந்தில் வளைந்தது.

கீற்று, உங்கள் கட்டங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. குழந்தையின் சிந்தனை வளர்ச்சியைக் கட்டம் கட்டமாகப் பிரித்த உளவியலாளர் பியாஜே சொன்ன வயதுகளை மனப்பாடம் செய்யச் சொல்லியிருப்பார்கள். அவர் கவனித்தது அருமையானது. ஒரே அளவு தண்ணீரை அகலமான டம்ளரிலிருந்து ஒல்லியான டம்ளருக்குக் குழந்தையின் கண் முன்னாலேயே ஊற்றுங்கள். நான்கு வயதுக் குழந்தை ஒல்லி டம்ளரைக் காட்டி 'இதில்தான் நிறைய' என்கும், கொஞ்சமும் தயங்காது. ஏழெட்டு வயதுப் பிள்ளை 'அதே தண்ணிதானே' என்று நம்மை விநோதமாகப் பார்க்கும். அது உண்மை. ஆனால் மறைத்து வைத்த பொருள் இன்னும் இருக்கிறது என்பது குழந்தைக்குச் சுமார் எட்டு மாதத்தில்தான் புரியும் என்றாரே, அதற்கு அவர் பார்த்தது குழந்தை கையை நீட்டித் தேடுகிறதா என்பதை. ரெனே பைலர்ஜான் 1985இல் கையை விட்டுவிட்டுக் கண்ணைக் கவனித்தார். மறைந்த பொருள் அங்கே இல்லை என்றால்தான் நிகழக்கூடிய காட்சி ஒன்றை ஐந்து மாதக் குழந்தைகள் வியந்தது போல அதிக நேரம் உற்றுப் பார்த்தன. கேட்கும் முறையை மாற்றினால் வயதும் மாறிவிடுகிறது. வரிசையை நம்புங்கள், வயதைத் தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வளவன் எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி. வெர்னர் ஆய்வில் மூன்றில் ஒருவர் மீண்டார் என்றால் மீதி இரண்டு பேரையும் நினைத்துப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். பிந்திச் செய்யும் உதவிக்குப் பலன் உண்டு, சரி. முந்திச் செய்தால் அது மலிவு, வலியும் குறைவு. இதில் நமக்குள் சண்டை இல்லை.

செங்காந்தள் எழுதியது:

இல்லவே இல்லை.

கரும்பலகை எழுதியது:

நான் நடுநிலைப் பள்ளி ஆசிரியை. குழந்தையையும் முதியவரையும் பற்றியே பேசுகிறீர்கள், பதின்வயதுப் பிள்ளைகளுக்காக யாராவது பேச வேண்டும்.

எட்டாம் வகுப்பறை ஒன்றைப் பாருங்கள். ஒரே வயதுள்ள பிள்ளைகளில் ஒருவர் வளர்ந்த ஆள் போல இருப்பார், இன்னொருவர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போல இருப்பார். பருவமடைதலின் தொடக்கம் பெண்பிள்ளைகளுக்கு 8 முதல் 13 வயது, ஆண்பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயது வரை எங்கும் இருக்கலாம். உயரம் வேகமாகக் கூடும் உச்சம் பெண்களுக்குச் சராசரியாகப் பன்னிரண்டில், ஆண்களுக்குப் பதினான்கில். அந்த உச்சத்தில் ஆண்பிள்ளைகள் ஒரே ஆண்டில் ஒன்பது, பத்து சென்டிமீட்டர் கூட வளர்கிறார்கள். முதலில் நீள்வது பாதமும் கையும், அப்புறம் கால், கடைசியில்தான் உடம்பு. இந்த இடைப்பட்ட மாதங்களில் பிள்ளை மேசையில் இடித்துக்கொள்வான், தண்ணீர்க் குப்பியைத் தட்டிவிடுவான், நேற்று வரை சரியாகப் பிடித்த பந்தைத் தவறவிடுவான். 'கவனம் எங்கே?' என்று திட்டுகிறோம். அவன் கை எங்கே முடிகிறது என்று அவன் மூளை இன்னும் புதிதாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது.

தூக்கமும் அப்படியே. பருவமடையும்போது தூக்கத்தைக் கொண்டுவரும் மெலட்டோனின் இரவில் பிந்திச் சுரக்கத் தொடங்குகிறது. பத்து மணிக்குப் படுக்கச் சொன்னால் படுப்பார்கள், தூக்கம் வராது. காலையில் எழுப்பினால் பாதி உயிரோடு வருவார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2014இலேயே நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளைக் காலை 8.30க்கு முன் தொடங்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது. கைபேசியும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. அது ஒன்றே காரணம் என்று பிள்ளையைச் சோம்பேறி ஆக்குவது நியாயம் இல்லை. முதல் மணியில் தேர்வு வைக்காதீர்கள் என்று எங்கள் ஆசிரியர் கூட்டத்தில் ஒவ்வொரு ஆண்டும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

வேல்முனை எழுதியது:

மூளை 25 வயதில்தான் முழுமையாகிறது என்கிறார்களே, அப்படியானால் இருபது வயதுக்காரர் எடுக்கும் முடிவுகளை நம்பக் கூடாதா?

செங்காந்தள் எழுதியது:

25 என்ற எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை, வேல்முனை. நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி, அதாவது திட்டமிடவும் அடக்கிக்கொள்ளவும் உதவுவது, இருபதுகளிலும் முதிர்ந்துகொண்டிருக்கிறது என்பது உறுதி. ஆனால் மூளையைப் படம் பிடித்த ஆய்வுகள் பலவற்றில் சேர்ந்தவர்களின் வயதே இருபதுகளோடு முடிந்துவிட்டது. அதற்கு மேலும் தொடர்ந்தால் மாற்றமும் தொடர்கிறது. நரம்பிழைகளைச் சுற்றியுள்ள உறை முப்பதுகளிலும் கூடுகிறது.

முடிவெடுப்பதில் சூழல் பெரிய விஷயம். கார்ட்னரும் ஸ்டைன்பெர்கும் 2005இல் வெளியிட்ட ஆய்வில் வாகனம் ஓட்டும் கணினி விளையாட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். தனியாக விளையாடியபோது இருந்ததை விட, நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது பதின்வயதினர் அதிக ஆபத்தைத் துணிந்தார்கள். பெரியவர்களிடம் அந்த மாற்றம் பெரிதாக இல்லை. பதினாறு வயதுப் பிள்ளை அமைதியாக உட்கார்ந்து யோசிக்கும்போது நன்றாகவே யோசிக்கும். கூட்டமும் பரபரப்பும் சேரும் இடத்தில்தான் நாம் துணைக்கு நிற்க வேண்டும்.

நடுவழி எழுதியது:

நாற்பதைத் தாண்டியவன் நான். எங்களுக்கு உங்கள் புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது, கீற்று?

கீற்று எழுதியது:

ஒரு பத்தி. 'நடுவயதுச் சிக்கல்', வெள்ளெழுத்து, மாதவிடாய் நிற்றல், பொறுப்புகள். அவ்வளவுதான்.

நடுவழி எழுதியது:

நினைத்தேன். 'நடுவயதுச் சிக்கல்' என்பது எலியட் ஜாக்ஸ் 1965இல் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. அவர் முக்கியமாகப் பார்த்தது மேதைகளான கலைஞர்களின் வாழ்க்கையை. அதை எடுத்து நாற்பதைத் தாண்டிய எல்லோர் தலையிலும் வைத்துவிட்டார்கள். சிலருக்கு அந்த வயதில் பெரிய கலக்கம் வருகிறது, வேலை போவது, மணமுறிவு, பெற்றோரின் நோய் என்று அதற்குக் கண்ணெதிரே காரணமும் இருக்கிறது. எல்லோருக்கும் வந்தே தீரும் பருவம் இல்லை அது.

உடம்பு மாறுவது உண்மை. எலும்பின் அடர்த்தி முப்பதை ஒட்டி உச்சத்துக்கு வந்துவிடுகிறது, அதற்குப் பிறகு தசையும் மெல்லக் குறைகிறது. மாதவிடாய் நிற்பதன் சராசரி வயது மேலை நாடுகளில் சுமார் 51. ஆனால் அறிவு? வார்னர் ஷாய் 1956இல் சியாட்டிலில் தொடங்கி, ஏழு ஆண்டுகளுக்கு ஒரு முறை அதே ஆட்களைச் சோதித்தார். வேகம் சீக்கிரம் குறையத் தொடங்கியது. சொல்வளமும் காரணம் அறியும் திறனும் நடுவயதில்தான் உயர்ந்து நின்றன. 2015இல் ஹார்ட்ஷோர்னும் ஜெர்மைனும் பல்லாயிரம் பேரை இணையத்தில் சோதித்ததில் இன்னும் தெளிவாகியது. தகவலை வேகமாகக் கையாள்வது பதினெட்டு, பத்தொன்பதில் உச்சம். அடுத்தவர் கண்ணைப் பார்த்து மனநிலையை அறிவது நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும். சொல்வளம் அறுபதைத் தாண்டியும் கூடியது. ஒரே வீட்டில் ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு நேரம் காட்டும் கடிகாரம் மாட்டியது போலத்தான் ஒரு மனிதன். அத்தனையையும் ஒரே கோட்டில் வரைந்தால் அந்தப் படம் யாருக்குமே பொருந்தாது.

முதுவேனில் எழுதியது:

முதியோர் பராமரிப்பில் செவிலியாக இருக்கிறேன். 'சரிவு' என்ற தலைப்பைப் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

1990இல் மரியா ஃபியாட்டரோன் ஒரு முதியோர் இல்லத்தில் தளர்ந்துபோயிருந்த பத்துப் பேருக்கு எடைப் பயிற்சி கொடுத்தார். வயது 86 முதல் 96. எட்டு வாரத்தில் கால் தசையின் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. நடையும் தேறியது. தொண்ணூறு வயதுத் தசை, வேலை கொடுத்தால் பதில் சொல்கிறது. ஆனால் வீடுகளில் என்ன நடக்கிறது? 'நீங்க உட்காருங்க, நாங்க பாத்துக்கறோம்' என்று அன்பாகத்தான் சொல்கிறோம். தண்ணீர் எடுக்கக் கூட எழ விடுவதில்லை. சில மாதங்களில் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடியாமல் போகிறது. அப்புறம் 'வயசாயிடுச்சு' என்கிறோம். அதில் வயது செய்தது பாதி, நாம் செய்தது பாதி.

நான் கவனிப்பவர்களிடம் கேட்பது சாதாரணமான ஒன்று. கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள், முடிந்தவரை திரும்பச் செய்யுங்கள். முதல் வாரம் இடுப்பைத் தூக்கவே திணறுவார்கள். நான் முன்னால் நின்றுகொண்டு, பாதத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்து மூக்கு முழங்காலுக்கு மேலே வரும்படி குனியச் சொல்வேன். எடை முன்னால் வந்ததும் உடம்பு தானே எழும். அதைக் கண்டுபிடித்த நொடியில் அவர்கள் முகத்தில் வரும் வியப்பு இருக்கிறதே, அதற்காகவே இந்த வேலையை விடாமல் செய்கிறேன்.

கீற்றின் அப்பா வயலின் கற்பதைப் படித்ததும் பியானோக் கலைஞர் ஆர்தர் ரூபின்ஸ்டைன் நினைவுக்கு வந்தார். எண்பது வயதில் எப்படி இவ்வளவு நன்றாக வாசிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்னதாக உளவியலாளர் பால் பால்டெஸ் எடுத்துக்காட்டுவார்: குறைந்த எண்ணிக்கையில் பாடல்களை வைத்துக்கொள்கிறேன், அவற்றை அதிகமாகப் பழகுகிறேன், வேகமான பகுதிக்கு முன்னால் வேகத்தைக் குறைத்துவிடுகிறேன், அப்போது அடுத்தது வேகமாகக் கேட்கும். விரல் வேகம் குறைந்தது உண்மை. அதை வைத்தே புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தாரே, அதையும் வளர்ச்சிக் கணக்கில்தான் எழுத வேண்டும். எந்த வயதிலும் கொஞ்சம் வரவு, கொஞ்சம் இழப்பு என்பதே பால்டெஸ் சொன்னது. குழந்தையும் இழக்கிறது, செங்காந்தள் சொன்ன அந்நிய ஒலிகளைப் போல.

கீற்று எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அக்காவிடம் தளிர்நடை எழுதியதைப் படித்துக் காட்டினேன். குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது மருத்துவரிடமும் கேட்டுவிடுவதாகச் சொன்னாள்.

முதுவேனில் அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி. அப்பாவுக்குச் சில நேரம் பெயர்கள் சட்டென்று வருவதில்லை. கூப்பிட்டாலும் திரும்புவது குறைந்திருக்கிறது. இது வயதின் இயல்பா, மறதி நோயின் தொடக்கமா?

முதுவேனில் எழுதியது:

பெயர் நாக்கு நுனியில் நின்று, கொஞ்ச நேரம் கழித்து வந்துவிட்டால் அது பெரும்பாலும் இயல்பு. பழகிய வழியில் தொலைந்துபோவது, இப்போதுதான் கேட்டதைத் திரும்பத் திரும்பக் கேட்பது, நெடுநாள் செய்துவந்த கணக்கு வழக்கில் திடீரென்று குழம்புவது, இவை இயல்பு இல்லை. தளிர்நடை குழந்தைக்குச் சொன்னதே இங்கும்: வந்தது போகிறதா என்று பாருங்கள்.

கூப்பிட்டால் திரும்பவில்லை என்கிறீர்களே, அங்கிருந்து தொடங்குங்கள். முதலில் காதைச் சோதியுங்கள். காது மந்தமானால் சொன்னது பதியாது, பதியாதது நினைவிலும் இருக்காது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது மறதி போலவே தெரியும். கேட்கும் கருவி தேவைப்பட்டால் தள்ளிப்போடாதீர்கள், நீண்ட நாள் கவனிக்காத காது மந்தம் மறதி நோய்க்கான ஆபத்தையும் கூட்டுகிறது. அதோடு தைராய்டு, பி12 வைட்டமின் அளவு இரண்டையும் இரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். மனச்சோர்வும் முதியவர்களிடம் மறதியாகத்தான் முகம் காட்டும், தூக்கமும் பசியும் எப்படி என்று கேளுங்கள். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், தூக்கத்துக்கும் ஒவ்வாமைக்கும் கடையில் தானாக வாங்குவதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அவற்றில் சில நினைவை மங்கவைக்கும், மாற்றினால் சரியாகிவிடும்.